சீழ்ப்புண்ணும் இருவகை மருந்துகளும்



தோலில் ஒரு சிறு கீறல் விழுந்தால் நாம் அதைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆனால் உடலாகிய கோட்டைக்குத் தோலே மதில். மதில் உடைந்த இடத்தில் பகைவர் புகுவதுபோல, கீறலின் வழியே கிருமிகள் புகுந்துவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது. மைக்ராஸ்கோப்பில் நோக்கினால் அது திராட்சைக் குலைபோலத் தோன்றும்.

இக் கிருமியின் வன்மைக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1941-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர், முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, சாகுந்தறுவாயில் இருந்தார். பிளோரியின் குழுவினர் தாம் தயாரித்த பென்சிலினை அவருக்குச் செலுத்தினர். சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது, பசியும் எடுத்தது. ஆனால் மருந்து மிகச் சிறிதளவே இருந்தது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் தீர்ந்தது. எஞ்சிய கிருமிகள் தலைதூக்கின; மார்ச் மாதத்தில் அவர் இறந்தார்.

பென்சிலின் எவ்வாறு வேலை செய்கிறது? கிருமி தன்னைச் சுற்றி ஓர் உறுதியான சுவரைக் கட்டிக்கொள்கிறது. அக் கட்டட வேலையைப் பென்சிலின் தடுத்துவிடும். சுவர் நலிந்ததும் உள்ளே நீர் புகுந்து கிருமி வெடிக்கிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே அவை தப்புகின்றன.

வாசனைத் தைலங்களின் வழி வேறு. ஓமத்தில் தைமால் உண்டு. கிராம்பில் யூஜினால் உண்டு. ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் டீ ட்ரீ என்னும் மரத்தின் இலையைக் கசக்கிப் புண்ணில் இட்டனர். அதன் தைலத்திற்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று 1920-களில் சிட்னி நகரத்து வேதியியல் அறிஞர் பென்போல்டு காட்டினார். இத் தைலங்கள் கிருமியின் சுவருக்கு உட்புறமுள்ள மெல்லிய சவ்வைச் சிதைக்கின்றன.

அப்படியானால் தைலமே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. சவ்வு நம் உயிரணுக்களுக்கும் உண்டு. செறிந்த தைலம் அவற்றையும் எரிக்கும். டீ ட்ரீ தைலத்தை விழுங்கினால் அது நஞ்சு. மேலும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு வேறு. சீழும் இரத்தமும் நிறைந்த புண் வேறு.

பென்சிலினுக்கும் ஓர் எல்லை உண்டு. குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார். பென்சிலினை வென்ற கிருமிகளுக்கென 1959-இல் மெதிசிலின் வந்தது. 1961-இலேயே அதனையும் எதிர்க்கும் கிருமிகள் இங்கிலாந்தில் காணப்பட்டன. ஆகவேதான் தைலம் சவ்வைத் துளைக்க, மருந்து உள்ளே நுழையுமா என்று அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து ஆராய்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் சில இணைகள் நற்பயன் தந்துள்ளன. ஆயினும் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடாகாது.

எனவே, காயம் பட்டால் தூய நீரால் கழுவுங்கள். அது சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் தரும் மருந்தை, வலி நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தாமல், அவர் குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள்.