214 கோடியில் ஒரு பகா எண்

214,74,83,647. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. இத்தாலியக் கணிதர் கட்டால்டி 1603-இல் வெளியான தம் நூலில் இதைப் பகா எண் என்றார். ஆனால் 31 இருந்த இடத்தில் 23, 29, 37 வந்தாலும் பகா எண்ணே கிடைக்கும் என்று சொல்லி, மூன்றிலும் தவறினார். பிறகு 31-ஐ மட்டும் யார் நம்புவார்கள்?

சந்தேகத்தைத் தீர்த்தவர் ஆய்லர். 1772, பீட்டர்ஸ்பர்க். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுமையாகப் போயிருந்தது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் எதுவும் இதை மீதியின்றி வகுக்கவில்லை என்று காட்டினால் போதும். அப்படிப்பட்டவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்று முதலில் நிறுவினார். மிஞ்சியவை ஏறத்தாழ எண்பது. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. கணக்குப் போடுவதைவிடப் போடவேண்டாத கணக்கை ஒதுக்குவதுதான் பெரிய திறமை என்பேன்.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். இது அவற்றில் எட்டாவது. அடுக்காக நிற்கும் 31-உம் ஒரு மெர்சென் பகா எண்ணே. இந்த இரட்டைப் பெருமை உள்ளவை இதுவரை நான்குதான் தெரியும்: 7, 127, இது, அப்புறம் 39 இலக்கங்கள் கொண்ட ஒன்று. இதை இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் ஒன்று பிறக்கும். அதாவது, தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமான எண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற வேடிக்கைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். 1876-இல் லூக்கா அந்த 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று நிறுவியதுமே அந்த ஆருடம் பொய்த்தது.

பயன் வேறு வழியில் வந்தது. இரும முறையில் இந்த எண் 31 ஒன்றுகளின் வரிசை. கணினியின் 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மீதியில் அடங்கும் உச்சம் இதுவே. 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாடலுக்கு யூடியூபில் குவிந்த பார்வைகள் இந்த உச்சத்தைத் தாண்டின. எண்ணியை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பல பழைய கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இந்த அளவுக்குள்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44-ஐ 7 விநாடி கடந்ததும் அவற்றில் இடம் தீரும். மாற்றப்படாதவை 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்.

கணினியின் உச்சமாக இருப்பதற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் காரணத் தொடர்பு கிடையாது. 64 பிட்டின் உச்சம் 19 இலக்கம் நீளும். ஆனால் அது 7-ஆலேயே வகுபட்டுவிடும்.