இயந்திரக் கணினியை மாற்றி எழுதும் முன்

பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடைகளில் நம் மாணவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எப்படியோ கார் பக்கம் திரும்பிவிடும். “ரீமேப் செஞ்சேன், இருபது குதிரைச் சக்தி ஏறிடுச்சு” என்பார் ஒருவர். எதை எதனோடு ஒப்பிட்டு அந்த இருபதைக் கண்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இயந்திரவியல் படித்தவன், கிள்ளானில் நண்பர் ஒருவரின் பட்டறையில் பல வார இறுதிகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு இங்கே விடை எழுத முயல்கிறேன்.

இன்றைய கார்களில் எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை ‘ஈசியூ’ எனப்படும் சிறு கணினி முடிவு செய்கிறது. அதன் நினைவகத்தில் வாய்ப்பாடு போன்ற அட்டவணைகள் உள்ளன. ஒரு பக்கம் இயந்திரத்தின் சுழற்சி, மறுபக்கம் பளு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணே கட்டளை. ‘ரீபிளாஷ்’ என்பது அந்த எண்களை அழித்து வேறு எண்களை எழுதுவதுதான்.

எல்லாக் கார்களுக்கும் பலன் ஒன்றல்ல. மைவி 1.3 போன்ற டர்போ இல்லாத காரில், உள்ளே போகும் காற்றின் அளவு ஏறக்குறைய அதேதான். எண்களை மாற்றிக் கிடைப்பது சொற்பம். 2012இல் வந்த புரோட்டோன் பிரிவேயின் 1.6 டர்போ இயந்திரம் (138 குதிரைச் சக்தி, 205 நியூட்டன் மீட்டர்) வேறு ரகம். அங்கே காற்றழுத்தத்தையே கணினி வழி உயர்த்தலாம். ஆபத்தும் அங்கேதான் அதிகம். ரோன் 97க்கென்று எழுதிய கோப்பை ஏற்றிவிட்டு ரோன் 95 ஊற்றினால், கலவை தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கலாம். ‘நாக்’ எனப்படும் இந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். பிரிவே டர்போவின் சிவிடி கியர்பெட்டியும் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கியாக வேண்டும். அதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

எழுதும் வேளைக்கு வருவோம். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் நினைவகம் அரைகுறையாக நின்றுவிடும். கார் உயிர் பெறாது. ‘செங்கல் ஆகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். அப்புறம் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து மீட்க வேண்டியிருக்கும், அதுவும் எப்போதும் கைகூடாது. ஆகவே பேட்டரியை மட்டும் நம்பாமல், மாறாத மின்னழுத்தம் தரும் கருவியை இணைத்து 13 வோல்ட்டுக்கு மேல் நிலைநிறுத்த வேண்டும். குளிர்சாதனம், விளக்கு, வானொலி எல்லாம் அணைந்திருக்கட்டும். இயந்திரம் ஆறியிருப்பதும் முக்கியம். சூடாக இருந்தால் ரேடியேட்டர் விசிறி திடீரெனச் சுழன்று மின்சாரத்தை இழுக்கும். மடிக்கணினி உறங்கிவிடாதபடி அமைத்துவிடுங்கள்.

இவை அனைத்துக்கும் முன், மூலக் கோப்பைப் படித்து இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். சில கணினிகளில் ஓபிடி துளை வழியாக எழுத முடியும், படிக்க முடியாது. அப்போது மென்பொருள் எண்ணைப் பார்த்து அதே பதிப்பின் மூலக் கோப்பைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். “அதே மாடல்தானே” என்று அடுத்தவர் காரின் கோப்பை ஏற்றுவது வேண்டாத வேலை.

இனி ஒப்பீடு. ‘டைனோ’ உருளைகளில் மூலக் கோப்போடு மூன்று ஓட்டம், புதிய கோப்போடு மூன்று ஓட்டம் என்பதே வழக்கம். நான் வற்புறுத்துவது அதற்குப் பின் வரும் மூன்றாம் கட்டத்தை: மூலக் கோப்பை மீண்டும் ஏற்றி மறுபடி மூன்று ஓட்டம். ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். முதலில் 110, மாற்றியபின் 118, மீண்டும் மூலத்தில் 115 என்று வந்தால், எட்டில் ஐந்து வரை கோப்பினால் வந்தது என்று சொல்ல இடமில்லை. காலைக்கும் மதியத்துக்கும் இடையே காற்று சூடாகிறது, டயர் சூடாகிறது, கியர் எண்ணெய் இளகுகிறது. கணினியும் சும்மா இருப்பதில்லை. எரிபொருளுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். புதிய கோப்பு ஏறும்போது பல கார்களில் அந்தப் பழக்கம் அழிந்துவிடும். பல மாதம் ஓடிய பழைய நிலையை, அப்போதுதான் துடைத்த நிலையோடு ஒப்பிடுவது சரியாகாது. எனவே மூலக் கோப்பையும் ஒருமுறை புதிதாக எழுதி, இரண்டுக்கும் ஒரே தூரம் ஓட்டிய பிறகு அளக்க வேண்டும். எரிபொருள், கியர், டயர் காற்று, நீரின் வெப்பம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். டைனோ காட்டுவது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி; விளம்பரத் தாளில் இருப்பது இயந்திரத்தின் சக்தி. இரண்டையும் கழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

டைனோ கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் போவோரும் உண்டு. அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் வேகச் சோதனை நடத்துவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். காற்றும் மேடும் கலந்த அந்த அளவை வைத்து ஐந்து குதிரைச் சக்தி வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கார் அப்பாவின் பெயரில் இருந்தால் உத்தரவாதம் முறியும் என்பதை அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பட்டறையில் பணம் கட்டும் முன், மூலக் கோப்பு உங்கள் விரலியில் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.