கழிந்ததற்கு இரங்குதல்

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்துள்ள சிற்றூர் தாயில்பட்டி. கரிசல் மண்ணும் வானம் பார்த்த பயிருமே இவ்வட்டாரத்தின் இயல்பு. மழை பொய்த்த காலங்களில் மக்களுக்குச் சோறளித்தவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஆகும். 1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலைப் பின்பற்றிப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்து, சுற்றுப்புற ஊர்களெங்கும் பரவிற்று.

அவ்வளர்ச்சியோடு ஒரு தீங்கும் வளர்ந்தது. தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதற்கும் பெட்டி ஒட்டுதற்கும் சிறு விரல்களே ஏற்றவை எனக் கருதப்பட்டன. விடியுமுன் வந்து நின்ற பேருந்துகளில் சிறுவரும் சிறுமியரும் ஏறி வேலைக்குச் சென்றனர். அவர்களை அனுப்பிய பெற்றோர் கொடியவர் அல்லர். அன்றைய கூலி அன்றைய உலைக்கு வேண்டும். கல்வியின் பயனோ பல்லாண்டு கழித்தே வரும். கண்முன் நின்ற பசி, தொலைவில் இருந்த பயனை மறைத்துவிட்டது. பிள்ளை வளர்ந்து, ஒரு விண்ணப்பத்தைப் படிக்கவும் பிறர் உதவியை நாடி நின்றபோதுதான், 'அன்றே பள்ளிக்கு அனுப்பாதிருந்தோமே' என்னும் ஏக்கம் பிறந்தது.

பின்னர் இரங்கத்தக்க செயலை முதற்கண் செய்யாதிருத்தல் வேண்டும் என்பது, வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் அறிவுரை. அறியாது செய்துவிட்டால் யாது செய்வது? அக்குறளின் பிற்பகுதிக்கு உரையாசிரியர் இருவகையாகப் பொருள் காண்பர். அத்தகைய செயலை மீண்டும் செய்யாமை நன்று என்பர் ஒருசாரார். பின் இருந்து இரங்காமை நன்று என்பார் பரிமேலழகர். இவ்விரண்டும் வாழ்விற்கு வேண்டுவனவே. இரங்காதவன் அதே பிழையை மறுபடியும் செய்வான். இரங்கியே காலம் கழிப்பவன் யாதொன்றும் செய்யான்.

இழப்பிலிருந்து நன்மை விளைவித்தவர்க்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1903-ஆம் ஆண்டு விருதுநகரில் பிறந்த காமராசர், இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை விடுத்து, தாய்மாமனின் துணிக்கடையில் வேலை செய்தார். இழந்த கல்வி மீளவில்லை. எனினும் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய அவர், சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருக வழிசெய்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை உணர்ந்து, 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

அதன் பின்னரும் இவ்வட்டாரத்தில் சிறுவர் உழைப்பு நெடுநாள் நீடித்தது. 1986-இல் அதனைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. சிவகாசிச் சிறுவர் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்திற்கு மாறாகப் பணியில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும், குடும்பத்தார் துணைகொண்டு வீட்டிலேயே நடத்தும் வேலைக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை செல்லவில்லை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தான தொழில்களில் அவ்விடைவெளியையும் அடைத்தது.

சட்டம் தொழிற்சாலையின் வாயிலைக் காக்கும். வீட்டினுள் காக்க வேண்டியவர் பெற்றோரே. மூத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பி வருந்தும் தாய், இளைய பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுப்பாளாயின், அவ்வருத்தம் வீணன்று. கழிந்த நாள் மீளாது. அடுத்த பிள்ளையின் நாளோ இன்னும் கழியவில்லை.