மகள் பிரசவத்துக்கு வந்தால் ஹவுஸ் ஓனர் வாடகையைக் கூட்டலாமா?

ஆடி பிறந்துவிட்டால் ராயகிரி வாடகை வீடுகளிலும் கூட்டம்தான். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வரும் சொந்தங்கள், குற்றாலச் சாரலிலும் நனைந்துவிட்டுப் போகலாமே என்று இரண்டு நாள் சேர்த்துத் தங்குவார்கள். ஒரே மோட்டார், ஒரே தொட்டி உள்ள வளவு வீடுகளில், 'இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?' என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும்.

திருவிழா விருந்தாளிகளாவது கிளம்பிவிடுவார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வரும் மகள், பிள்ளைக்கு மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ ஆகும்வரை இருப்பாள். ஆபரேஷன் முடிந்து வரும் அம்மாவும் அப்படித்தான். 'ஆள் கூடிடுச்சு, வாடகையைக் கூட்டிக் கொடுங்க, இல்லன்னா காலி பண்ணுங்க' என்றால், கைக்குழந்தையோடு எங்கே போவது என்று பலரும் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுக்கத்தான் வேண்டுமா?

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், ராயகிரி போன்ற பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். விருந்தாளி இத்தனை நாள்தான் தங்கலாம் என்று அதில் எந்தக் கணக்கும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. ஆள் கூடியதற்காக நடுவில் அதை உயர்த்த, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும்.

சட்டம் தடுப்பது உள்வாடகையை. உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு விட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே போதுமான காரணம். சரி, தங்குவது எப்போது உள்வாடகையாகிறது? வாடகைதாரர் தன் பிடியை விட்டுக்கொடுத்து, வேறொருவரைத் தனி அனுபவத்தில் வைக்கும்போதுதான் என்று பாரத் சேல்ஸ் - எல்.ஐ.சி வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நீங்கள் குடியிருக்கும் வீட்டில் மகள் வந்து தங்குவது அந்தக் கணக்கில் வராது. அதே சமயம், வீட்டுச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு நீங்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், அவரை விருந்தாளி என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

கோபத்தில் சில உரிமையாளர்கள் முதலில் கை வைப்பது மோட்டார் சுவிட்சில்தான். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்த இந்தச் சட்டத்தில் அவருக்கு அனுமதி இல்லை. வீட்டுக்குள் வந்து தலையை எண்ணவும் முடியாது. உள்ளே வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே, உரிய காரணத்தோடு தகவல் தர வேண்டும்.

உரிமையாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கோடையில் நான்கு குடும்பங்களுக்கு விடும் தண்ணீரை ஒரு வீட்டுக்கு வந்த பத்துப் பேர் செலவழித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வீட்டைச் சேதப்படுத்தக் கூடாது என்பதோடு, சேதப்படுத்த இடம் கொடுக்கவும் கூடாது என்கிறது சட்டம். அண்ணன் மகன் வாஷ்பேசினை உடைத்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதை உடனே உரிமையாளரிடம் சொல்லிவிடுவதும் உங்கள் கடமை. பொதுமக்களுக்குத் தொல்லை தரும்படி வீட்டைப் பயன்படுத்தி, நோட்டீஸ் வந்த பிறகும் நிறுத்தாவிட்டால் வெளியேற்றக் கோரலாம்.

இதில் பெரிய ஓட்டை, ஒப்பந்தமே இல்லாமல் குடியிருப்பதுதான். 'தெரிஞ்சவர்தானே' என்று வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் குடியேறும் வழக்கம் சிறு ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போடாததையே காலி செய்யக் கேட்கும் காரணமாகச் சட்டம் ஏற்கிறது; உள்வாடகை, விருந்தாளி என்ற வாதத்துக்கே அங்கே வேலையில்லை. ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பெற்றோர், பிள்ளைகள் வந்து தங்குவது உள்வாடகை ஆகாது. தண்ணீருக்குக் கூடுதல் செலவானால் இவ்வளவு' என்று அதிலேயே இரண்டு வரி சேர்க்கலாம். ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால், மகள் வரும் மாதமும் திரும்பும் மாதமும் குறிப்பிட்டு உரிமையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பி வையுங்கள்.

அப்படியும் தண்ணீரை நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அந்த வாடகை அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.