நான்கு மாணவர்களும் ஒரு நீர்மூழ்கி ரோபோவும்

சங்கத்தில் சேரும்போது நாம் செலுத்தும் பங்குத்தொகை சிறிது. ஆயினும் பலருடைய சிறு பங்குகள் ஒன்றுசேர்ந்த இடத்தில் பெரிய காரியங்கள் நடைபெறுவதை நம் அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பணத்திற்கு மட்டுமன்றித் திறமைக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதற்கு அமெரிக்கப் பள்ளி மாணவர் நால்வரின் வரலாறு தக்க சான்றாகும்.

அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி உள்ளது. 2004-ஆம் ஆண்டு அப்பள்ளி மாணவர் நால்வர், ஆலன் கேமரன், ஃப்ரெடி லஜ்வர்டி என்னும் ஆசிரியர்களின் துணையுடன், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டியில் சேர முனைந்தனர். அவர்கள் மெக்சிகோவிலிருந்து குடியேறிய எளிய குடும்பங்களின் பிள்ளைகள். உரிய குடியேற்றப் பத்திரங்கள் இன்றிச் சிறு வயதில் அழைத்துவரப்பட்டவர்கள்.

தோற்றாலும் பெரியவர்களிடம் தோற்போம் என்று கருதிக் கல்லூரிகள் மோதும் மேற்பிரிவிலேயே சேர்ந்தனர். அப்பிரிவில் உலகப் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இருந்தது. அக்கழகத்தார் 10,000 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். இவர்களிடம் இருந்ததோ ஏறக்குறைய 800 டாலர். ஆதலின் உலோகத்தை விடுத்து, தண்ணீர் செல்லும் பி.வி.சி. குழாய்களால் சட்டம் அமைத்தனர். குழாயினுள் அடைபட்ட காற்று இயந்திரம் மிதப்பதற்கு உதவிற்று. ஒட்டுப்பசையின் வாடை தாளாமல் அதற்கு 'ஸ்டிங்கி', அதாவது 'நாற்றம் பிடித்தது', என்று பெயரிட்டனர்.

நால்வரின் இயல்பும் வேறு வேறு. ஆஸ்கர் வாஸ்குவெஸ் தலைமை தாங்கி வேலையை ஒழுங்குபடுத்தினார். கிறிஸ்டியன் ஆர்செகா கணினி அறிவு மிக்கவர். லொரென்சோ சாந்தில்லான் மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் கைப்பழக்கம் உடையவர். வலிமை மிக்க லூயிஸ் அராண்டா இயந்திரத்தைத் தூக்கி இறக்கி, அதன் கம்பிவடத்தைக் கவனித்துக்கொண்டார்.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஒத்திகையின்போது, மின்கருவிகள் இருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. புதுப் பெட்டி வாங்கப் பணமும் இல்லை, காலமும் இல்லை. மாதவிலக்கின்போது பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்களைக் கடையில் வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தார் லொரென்சோ. கசிந்த நீரைப் பஞ்சு உறிஞ்சிக்கொண்டது. பஞ்சின் அருமையை அறிந்த நமக்கு இது வியப்பன்று!

போட்டியில், நீரில் மூழ்கிய கப்பல் போன்ற மாதிரியை ஆராய்வது, பீப்பாயிலிருந்து திரவத்தை எடுப்பது முதலிய பணிகள் தரப்பட்டன. பின்னர் நடுவர்கள் இயந்திரத்தின் அமைப்பைக் குறித்து வினவினர். நால்வரும் கூடிச் செய்த வேலையாதலின் தடுமாறாது விடையிறுத்தனர். முடிவில் ஒட்டுமொத்த முதற்பரிசு கார்ல் ஹேடன் பள்ளிக்கே கிடைத்தது. மாசசூசெட்ஸ் கழகம் இரண்டாம் இடம் பெற்றது.

எனினும் பரிசு அவர்களுடைய வாழ்க்கைத் தடைகளை நீக்கிவிடவில்லை. பத்திரமில்லா மாணவர்கள் மாநிலக் கல்லூரிகளில் கூடுதல் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதியை 2006-இல் அரிசோனா வாக்காளர்கள் ஏற்றனர். வாஸ்குவெஸ் பொறியியல் பட்டம் பெற்றும், 2009-இல் தாமாகவே மெக்சிகோ சென்று காத்திருந்து, 2010-இல் தான் அனுமதி பெற்றுத் திரும்ப முடிந்தது.

ஒருவரது குறையை மற்றவரது திறமை நிரப்பும்போது எளியோரும் வெல்லலாம். வென்ற பின்னரும் அவர்களைத் தனியே விட்டுவிடாது துணைநிற்பது சமுதாயத்தின் கடமை. கூட்டுறவாளராகிய நாம் மறவாது உள்ளத்திற் கொள்ளவேண்டியவை இவ்விரண்டுமாம்.