ஏழு கிலோவின் கணக்கு

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் நிறுவையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பேர் (முழுநாள் சம்பளம்) விழ 18 கிலோ கொழுந்து என்றால் (தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும்), பெக்டரியில் அது வாடி, அரைபட்டு, காய்ந்து ஏறக்குறைய 4 கிலோ தேயிலையாகிறது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் கையோடு கொண்டுபோகக்கூடிய தேயிலையும் அவ்வளவுதான். ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ் இரண்டிலும் சாதாரண வகுப்பில் கைப்பொதி 7 கிலோ. வெறும் பெட்டியே இரண்டரைக் கிலோ இருந்தால் மிச்சம் நாலரை. அதில் 400 கிராம் பக்கெட் 11 வைத்தால், மாற்றுடுப்புக்கு 100 கிராம்தான் மீதி.

இந்த 7 கிலோ எல்லைக்கு முதல் காரணம் இடம். நீளம், அகலம், உயரம் கூட்டி 115 சென்ரிமீற்றர் என்பது பல நிறுவனங்களின் அளவு. 55, 35, 25 என்று எடுத்தால் ஒரு பெட்டி 48 லீற்றர். 180 இருக்கை விமானத்தில் ஆளுக்கொன்று என்றால் 8,600 லீற்றருக்கு மேல். 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கீழே ஏற்றும் முதல் பொதிக்கே 15 டொலர் கேட்கத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கீழே போக வேண்டிய பொதி மேலே ஏறியது. நெருக்கடியில் ஒரு பங்கு நிறுவனங்களே உண்டாக்கியது என்பதை மறைக்க முடியாது.

அடுத்தது எடை. ஐரோப்பிய விதி ஒரு பயணியைக் கைப்பொதியோடு சேர்த்து 84 கிலோ என்று கணக்கிட இடமளிக்கிறது, ஆளை நிறுப்பதில்லை. ஆளுக்கு 3 கிலோ கூடினால் 180 பேருக்கு 540 கிலோ. கூடுதல் எடையில் ஏறத்தாழ 3 வீதம் மணிதோறும் எரிபொருளாகப் போகும்: கொழும்பு–துபாய் நாலரை மணிக்கு 70 கிலோவுக்கு மேல்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது உயிர்க் கணக்கு. அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி 9 மடங்கு விசையைத் தாங்கும்படிதான் மேல்தட்டுகள் கட்டப்படுகின்றன. 7 கிலோ அங்கே 63 கிலோ. பாதி வாசல் மூடியிருந்தாலும் எல்லோரும் 90 செக்கனில் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானத்துக்கு அனுமதி. பெட்டி இறக்க நிற்பவர் அந்த 90 செக்கனைத் தின்றுவிடுவார்.

விமான விபத்து இந்த ஊருக்குத் தூரத்துச் செய்தியல்ல. 1974 டிசம்பர் 4 அன்று ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டினெயர் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். அதன் டயர் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் இன்னும் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே 90 செக்கனுக்கு இடமே இருக்கவில்லை. இடமிருந்த விபத்துகளைப் பாருங்கள். 2016 ஓகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம்: புகைக்கு நடுவே பயணிகள் பெட்டி இறக்கியது காணொளியில் பதிவானது. 300 பேரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா: எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 379 பேர், பொதிகளை விட்டுவிட்டு இறங்கினார்கள், 379 பேரும் பிழைத்தார்கள்.

டிக்கெட் கொடுக்கும் முகவர்கள் 7 கிலோ, 115 சென்ரிமீற்றர் என்ற இரண்டு எண்களையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து தேயிலையை வெளியே எடுக்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு வரக்கூடாது.