எரிவாயுக் குழாயில் கசிவறியும் முறை

சிங்கப்பூரில் வீடொன்றுக்குப் புதிதாக எரிவாயுக் குழாய் பொருத்தியதும், உரிமம் பெற்ற பணியாளர் அதில் உடனே எரிவாயுவை விடமாட்டார். திறப்புகளையெல்லாம் அடைத்து, காற்றை அழுத்தி நிரப்பி, அழுத்தமானியை இணைப்பார். காற்று கசிந்தால் தீங்கில்லை. எரிவாயு கசிந்தால் உயிருக்கே கேடு.

குழாயின் வெப்பநிலை சீரடைந்தபின், குறித்த நேரம்வரை அழுத்தமானியின் முள் இறங்காது நிற்கவேண்டும். இறங்கினால் கசிவென்று உடனே முடிவு கட்டுதலும் தவறு. வெப்பம் 3 பாகை தணிந்தாலே உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும். வெப்பம் மாறாதிருந்தும் முள் இறங்குமாயின் கசிவு உண்டு. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழுந்து இடத்தைக் காட்டும். தீக்குச்சி கொளுத்தித் தேடுவது பேராபத்து.

சைக்கிள் டியூபை நீரில் அமிழ்த்தி, ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம்.